கம்பெனிப் பெட்டியா, வெளிக்கடைப் பெட்டியா? பழைய சான்ட்ரோவுக்கு உதிரிபாகம் வாங்குவது பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று வத்தலக்குண்டில் வசிக்கிறேன். 2008-இல் புதிதாக வாங்கிய சான்ட்ரோ ஜிங் காரை இன்றும் ஓட்டுகிறேன். 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தாண்டிக்குடியில் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் உண்டு. வாரம் ஒருமுறை மலையேறி இறங்க இந்தக் கார்தான் துணை. பதிவுச் சான்றிதழை 2028 வரை புதுப்பித்திருக்கிறேன், அதுவரையாவது கவலையின்றி ஓட வேண்டும். இப்போது டைமிங் பெல்ட் (இதுவரை மாற்றியதே இல்லை), முன் டிஸ்க் பேட், பின் பிரேக் ஷூ, இரண்டு லோயர் ஆர்ம், கிளட்ச், ரேடியேட்டர், இடப்பக்க ஹெட்லைட் ஆகியவற்றை மாற்ற வேண்டியிருக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் 54,000 ரூபாய் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் வெளிச்சாமான் போட்டு 26,000 ரூபாயில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். "எல்லாம் ஒரே இடத்தில் செய்வதுதான் சார், பெட்டிதான் வேறு" என்பது அவர் வாதம். கம்பெனிச் சாமான் தவிர வேறு எதையும் தொடாதீர்கள் என்கிறார் என் மருமகன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் கேள்விக்குள் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டைமிங் பெல்ட்டை மாற்றும் வரை தயவுசெய்து இந்தக் காரை மலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். தோட்ட வேலை இருந்தால் இரண்டு வாரம் பேருந்தில் போய் வாருங்கள். உங்கள் சான்ட்ரோவில் இருக்கும் 1,086 சி.சி. இன்ஜினில் பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்துக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து போகும்படி அமைத்திருக்கிறார்கள். அந்த நேரக் கணக்கைக் காப்பது அந்த ஒரு ரப்பர் பெல்ட்தான். அது அறுந்தாலோ இரண்டு பல் நழுவினாலோ மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் மோதி, வால்வு வளைந்துவிடும். பிறகு பெல்ட்டோடு செலவு நிற்காது, வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் நின்று, பிரேக்குக்குத் துணையாக இருக்கும் வேக்யூம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோகும் நிலை பணத்தைவிடப் பெரிய கவலை. ரப்பர் கிலோமீட்டரால் மட்டும் தேய்வதில்லை, வயதாலும் வெப்பத்தாலும் இறுகி வெடிக்கும். உங்கள் பெல்ட் இரண்டு கணக்கிலும் தன் காலத்தைக் கடந்துவிட்டது.

இனி உங்கள் மெக்கானிக்கும் மருமகனும் சொல்வதைப் பார்ப்போம். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

கார் கம்பெனி என்று நாம் சொல்வது பெரும்பாலும் காரை வடிவமைத்து, இன்ஜினையும் உடலையும் செய்து, மற்றவற்றை வாங்கிப் பொருத்தும் நிறுவனத்தைத்தான். பிரேக், கிளட்ச், பேரிங், விளக்கு, பெல்ட், ஃபில்டர் எல்லாம் வெளியிலிருந்து வருபவை. இதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. உங்கள் கார் பிறந்த இருங்காட்டுக்கோட்டைக்கு முன்பே, 1960-களின் தொடக்கத்திலிருந்தே, சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் லூக்காஸ் டி.வி.எஸ்.ஸும் நாட்டின் பல கார், லாரி நிறுவனங்களுக்கு பிரேக்கும் டைனமோவும் ஸ்டார்ட்டரும் செய்து கொடுத்து வந்திருக்கின்றன. மெக்கானிக்குகள் பல காலம் 'கர்லிங்' என்று கேட்டு வாங்கிய பிரேக் சாமான் பாடியில் செய்ததுதான். ஓசூரில் லுக் கிளட்ச் தயாராகிறது. ராணே குழுமம் ஸ்டீயரிங் பாகங்களும் பிரேக் லைனிங்கும் செய்கிறது. சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி அனுப்பிய நிறுவனம். இப்படிப்பட்ட ஆலையில் செய்த பாகம் கார் கம்பெனியின் பெட்டியில் நுழைந்தால் அதற்குப் பெயர் 'ஜென்யூன்'. செய்தவரின் சொந்தப் பெட்டியில் நுழைந்தால் கடைக்காரர் அதை 'ஓ.இ.' என்பார். உங்கள் மெக்கானிக் சொன்னது இந்த அளவில் சரி.

ஆனால் 'வெளிச்சாமான்' என்ற ஒரே சொல்லுக்குள் வேறு இரண்டு வகையும் ஒளிந்திருக்கின்றன. கார் கம்பெனிக்கு ஒருபோதும் சப்ளை செய்யாத, தன் பெயரையும் முகவரியையும் பெட்டியில் துணிந்து அச்சிடும் நிறுவனங்களின் சரக்கு ஒன்று. இதில் நல்லதும் உண்டு, சுமாரானதும் உண்டு. இன்னொருவரின் பெயரையும் ஹாலோகிராமையும் திருடி ஒட்டிய போலிச் சரக்கு மற்றொன்று. அது எந்த விலைக்கும் வேண்டாம். 26,000 ரூபாய் எஸ்டிமேட்டில் இந்த மூன்றில் எது இருக்கிறது என்று உங்கள் மெக்கானிக் எழுதிக் கொடுக்கவில்லை என்பதுதான் என் முதல் ஆட்சேபம். ஒவ்வொரு பாகத்துக்கும் நேரே தயாரிப்பாளரின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். 'லோக்கல்', 'ஃபர்ஸ்ட் குவாலிட்டி' என்றெல்லாம் எழுதினால் அதைப் பெயராக ஏற்காதீர்கள்.

ஒரே ஆலையில் செய்தது என்பதாலேயே இரண்டு பெட்டியிலும் ஒரே பொருள்தான் இருக்கும் என்றும் முடிவு கட்டிவிட முடியாது. ஒரே ஆலை கார் கம்பெனிக்கு ஒரு ரப்பர்க் கலவையிலும் வெளிச்சந்தைக்கு இன்னொரு கலவையிலும் செய்யலாம். கம்பெனி கேட்ட இறுதிச் சோதனை வெளிச்சந்தைச் சரக்குக்கு இல்லாமலும் போகலாம். பெரும்பாலும் வித்தியாசம் சிறியதாகவே இருக்கும். ஆயினும் அது இருக்கக்கூடிய இடம் எது என்று தெரிந்து வாங்குவது நல்லது. உங்கள் மருமகனின் எச்சரிக்கைக்கு இதில்தான் நியாயம் இருக்கிறது.

யார் செய்தது என்பதை அறிய ஓர் எளிய வழி சொல்கிறேன், இதை நான் முப்பது ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். உங்கள் காரிலிருந்து கழற்றிய பழைய பாகத்தை எறிய விடாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் பிடித்துப் படியுங்கள். வார்ப்பிலோ பேரிங்கின் ஓரத்திலோ பெல்ட்டின் முதுகிலோ செய்தவரின் முத்திரை அநேகமாக இருக்கும். நீங்கள் முதல் சொந்தக்காரர், பெல்ட்டையும் மாற்றியதில்லை என்பதால், அங்கே காண்பது தொழிற்சாலையிலேயே போட்ட பாகம். அதே பெயர் வெளிச்சந்தையில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதித் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது பாக எண். ஹூண்டாய் பாகங்களின் எண் ஐந்து இலக்கம், ஒரு சிறு கோடு, மீண்டும் ஐந்து என்று இருக்கும். முதல் ஐந்து இலக்கம் பாகத்தின் வகையைச் சொல்லும்: 24312 என்று தொடங்கினால் டைமிங் பெல்ட், 58101 என்றால் முன் டிஸ்க் பேட். அது எந்த மாடலுக்குரியது என்பதைப் பின்னால் வரும் ஐந்து சொல்லும், தவறு நேர்வது அங்கேதான். 1998-இல் வந்த பழைய சான்ட்ரோவின் இன்ஜின் 999 சி.சி., உங்களுடையது 1,086 சி.சி.; கடையில் "சான்ட்ரோவுக்கு" என்று மட்டும் கேட்டால் எதுவும் வரலாம். ஆகவே சேசிஸ் எண்ணைக் கொடுத்து, சர்வீஸ் சென்டரின் பார்ட்ஸ் கவுன்டரிலேயே சரியான பாக எண்ணைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் அந்த எண்ணுக்கு இணையானதைக் கேளுங்கள். ஹூண்டாயின் உதிரிபாக நிறுவனமான மோபிஸின் பெட்டியில் வரும் ஜென்யூன் பாகத்தை வாங்க, வண்டியைச் சர்வீஸ் சென்டரில்தான் விட வேண்டும் என்பதும் இல்லை. திண்டுக்கல்லிலோ மதுரையிலோ கவுன்டரில் வாங்கி உங்கள் மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். வெளிப் பட்டறைகளுக்கு உதிரிபாகம் கிடைக்காமல் தடுத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அது மேல்முறையீடுகளுக்குச் சென்ற வழக்குதான் என்றாலும், அதன் பிறகு பொதுவாக நிலைமை மாறியிருப்பதை என்னைப் போன்ற வெளிப் பட்டறைக்காரர்கள் நேரில் உணர்ந்திருக்கிறோம்.

இப்போது உங்கள் பட்டியல். நான் ஒவ்வொரு பாகத்தையும் எடுத்துக்கொண்டு கேட்பது இரண்டே கேள்விகள். இது போகிற வழியில் செத்தால் யாருக்கு என்ன ஆகும்? இதை மறுபடி மாற்ற வேண்டி வந்தால் எவ்வளவு பிரிக்க வேண்டும்? விலை அதற்குப் பிறகுதான்.

டைமிங் பெல்ட்டுக்கு இரண்டு கேள்வியின் பதிலும் கடுமையானது. எனவே ஜென்யூன் வாங்குங்கள், அல்லது கேட்ஸ் போன்ற, பெல்ட்டுக்கென்றே பெயர் பெற்ற தயாரிப்பாளரின் பெல்ட்டை வாங்குங்கள். பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு, அதை இழுத்துப் பிடித்திருக்கும் டென்ஷனர் பேரிங்கை விட்டுவிடுவது நம் ஊரில் வழக்கமாக நடக்கும் பிழை. பதினைந்து ஆண்டைக் கடந்த பேரிங்கின் கிரீஸ் காய்ந்திருக்கும். அது இறுகினால் புதுப் பெல்ட்டையும் ஒரே நாளில் தின்றுவிடும். பெட்டியைத் திறக்கும்போது தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். உங்கள் மருமகன் யோசித்திருக்க வாய்ப்பில்லாத ஓர் ஆபத்து இங்கே இருக்கிறது. சான்ட்ரோ ஜிங் 2014-ஆம் ஆண்டின் கடைசியோடு நின்றுபோன வண்டி. விற்பனை குறைந்த மாடலின் ஜென்யூன் ரப்பர்ச் சாமான் ஏதாவது ஒரு கிடங்கின் தகரக் கூரையடியில் பல கோடைகளைக் கழித்திருக்கக்கூடும். பெட்டி புதிது, உள்ளே இருக்கும் ரப்பருக்கு வயதாகியிருக்கும். அப்படிப்பட்ட கம்பெனிப் பெல்ட்டைவிட, சென்ற ஆண்டு செய்த, நல்ல பெயருள்ள வெளிப் பெல்ட்டையே நான் போடுவேன். ஹோஸ், புஷ், பிரேக் ரப்பர் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பெல்ட்டைக் கையில் வாங்கியதும் முறுக்கிப் பார்ப்பது, மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைப்பது ஆகியவற்றையும் அனுமதிக்காதீர்கள். உள்ளே ஓடும் கண்ணாடி இழை ஒருமுறை மடங்கினால் வெளியே தெரியாமல் முறியும்.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நீங்கள் ஓட்டுவது சமவெளியில் அல்ல. தாண்டிக்குடியிலிருந்து காப்பி மூட்டையோடு இறங்கும்போது முன் டிஸ்க்குகள் தொடர்ந்து சூடேறும், ஆற நேரம் இராது. நல்ல பேடும் மட்டமான பேடும் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஓட்டும்போது ஒன்றுபோலவே பிடிக்கும். பத்தாவது வளைவில்தான் வேறுபாடு காலுக்குத் தெரியும்.

இதை எழுதும்போது என் மேசையில் சான்ட்ரோவின் இரண்டு முன் பேடுகளை அருகருகே வைத்திருக்கிறேன். ஒன்று அறிந்த தயாரிப்பாளருடையது, மற்றது அதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. முதலாவதின் இரும்புத் தகட்டில் பிசிறு இல்லை; உராயும் பொருள் தகட்டோடு ஒட்டும் கோடு முழுவதும் அடைத்திருக்கிறது, என் நகம் எங்கும் நுழையவில்லை. ஓரங்களைச் சாய்வாகச் சீவியிருக்கிறார்கள், நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது, பக்கவாட்டில் தயாரிப்புத் தொகுதி எண்ணும் 'எஃப்.எஃப்.' என்ற இரண்டு எழுத்தும் இருக்கின்றன. இரண்டாவதில் கறுப்பு பெயின்ட் தகட்டையும் பொருளையும் சேர்த்தே மூடியிருக்கிறது. அதைச் சுரண்டியதும் ஒரு மூலையில் அஞ்சலட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி. விளிம்பை விரலால் அழுத்தினால் மணல்போல் உதிர்கிறது. எழுத்து எதுவும் இல்லை. அந்த இரண்டு எழுத்துகள் உராய்வின் அளவைச் சொல்பவை: முதல் எழுத்து சாதாரண வெப்பத்துக்கும், இரண்டாவது கடும் சூட்டுக்கும். 'இ' என்றால் உராய்வுக் குணகம் 0.25-க்கும் 0.35-க்கும் இடையில், 'எஃப்' என்றால் 0.35-க்கும் 0.45-க்கும் இடையில். மலைக்கு ஓட்டுபவர் இரண்டாவது எழுத்து முதலெழுத்தைவிடக் கீழே இறங்காத பேடாகப் பார்த்து வாங்க வேண்டும். எழுத்தே இல்லாத பேடு உங்களுக்கு வேண்டாம்.

ஆகவே முன் பேடுக்கு ஜென்யூன், அல்லது கார் நிறுவனங்களுக்கு பிரேக் செய்து கொடுக்கும் தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டி. பின் டிரம்முக்குப் பழைய ஷூவிலேயே லைனர் ஒட்டித் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டியாக இருந்தால் நானே அதற்கு ஒப்புக்கொண்டிருக்கக்கூடும். பெட்டியில் 'ஆஸ்பெஸ்டாஸ் அற்றது' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். டிரம்மைக் கழற்றியதும் உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், அது அந்தப் பையன்களின் நுரையீரலுக்கு நீங்கள் செய்யும் உதவி.

பட்டியலில் இல்லாத இரண்டு பொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது பின் வீல் சிலிண்டர். பல ஆண்டுகளுக்கு முன் என் பட்டறையில் ஒரு வாடிக்கையாளரின் பழைய காருக்கு வீல் சிலிண்டரைப் புதிதாகப் போடாமல், உள்ளே இருக்கும் ரப்பர்க் கப் கிட்டை மட்டும் மாற்றினேன். வழக்கமான கடையில் சரக்கு இல்லை என்று, அவசரத்தில் பெயர் தெரியாத கிட் ஒன்றை வாங்கிப் போட்டேன். மூன்றாவது மாதம் அவர் வந்து, பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்றார். டிரம்மைக் கழற்றினால் லைனிங் முழுவதும் நனைந்து, தூசியும் பிரேக் ஆயிலும் குழைந்த கறுப்புச் சாந்து. கப்பை வெளியே எடுத்தேன். அதன் உதடு ஊறிப் பருத்து, ஜவ்வரிசிபோல வழவழத்தது. பிரேக் ஆயிலைத் தாங்காத மட்ட ரப்பர். அந்தக் குடும்பம் அந்த மாதம் ஏற்காட்டுக்குப் போய் வந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஐம்பது ரூபாய்ப் பொருள்தானே என்று நான் செய்த அந்தத் தவறுக்குப் பிறகு, பிரேக்கில் ரப்பர் தொடும் எந்தப் பாகத்தையும் பெயர் பார்க்காமல் நான் பொருத்தியதில்லை. உங்கள் வீல் சிலிண்டரில் கசிவு இருந்தால் கிட் வேண்டாம், முழு சிலிண்டரையே மாற்றுங்கள்.

இரண்டாவது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தரப் பிரிவுகள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு இதே அளவுகள் 230, 155. இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், எவ்வளவு நல்ல பேடும் அப்போது உதவாது. சிறிய, சீல் பிரிக்காத டப்பாவில் டாட் 4 வாங்கி முழுவதையும் மாற்றுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்யலாம்.

முன் சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு பிணைக்கும் லோயர் ஆர்ம் விஷயத்தில் வெளிச்சந்தை உண்மையிலேயே உதவும். கம்பெனியில் முழு ஆர்மாகத்தான் தருவார்கள். வெளியே அதன் ரப்பர் புஷ் தனி, சக்கரப் பக்கத்து உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் தனி என்று கிடைக்கும். பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தால் நல்ல தயாரிப்பாளரின் முழு ஆர்மையே போடுங்கள், அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். பால் ஜாயின்ட் இறுக்கமாக இருந்து, புஷ் மட்டும் வெடித்திருந்தால், பிரஸ்ஸில் வைத்துப் புதுப் புஷ் ஏற்றிக்கொள்ளலாம். நல்ல புஷ் வாங்கிப் போட்டும் ஆறே மாதத்தில் போய்விட்டது என்று புலம்புபவர்கள் நிறைய. அதற்குப் பல நேரம் காரணம் சாமான் அல்ல. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், இறக்கிய பிறகு ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே நிற்கும். சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் எடை அதன் மேல் அமர்ந்த பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். பிறகு வீல் அலைன்மென்ட்.

கிளட்ச் செத்தால் உயிருக்கு ஆபத்து குறைவு. ஆனால் அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கூலி பெரிது. ஆகையால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே தயாரிப்பாளரின் செட்டாக வாங்குங்கள். லுக், வேலியோ போன்றவை கம்பெனி விலையைவிடக் குறைவாகவே கிடைக்கும், உங்களுக்கு அது போதும். பிளேட்டை நல்லதாக வாங்கிவிட்டு பேரிங்கில் முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பவர்கள் அதே கூலியை இரண்டாம் முறை கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ரேடியேட்டருக்கும் கம்பெனிப் பெட்டி அவசியமில்லை. பெயருள்ள வெளி ரேடியேட்டர் போதும். ஆனால் அதோடு ஹோஸ்களையும் மூடியையும் மாற்றுங்கள். மூடி சாதாரணப் பொருள்போலத் தெரியும். உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, நீர் 100 டிகிரியில் கொதித்துவிடாமல் சுமார் 118 டிகிரி வரை தள்ளிப்போடுவது அதன் ஸ்பிரிங்தான். பழைய மூடியில் அழுத்த அளவு என்ன எழுதியிருக்கிறதோ அதே அளவு புதியதிலும் இருக்க வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்கு எதற்கு சார்" என்று, இன்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குப் போகும் நீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடும் பழக்கம் இன்னும் பல பட்டறைகளில் இருக்கிறது, அதற்கு இடம் கொடுக்காதீர்கள். உங்களுடையது எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின், அதாவது பெட்ரோலின் அளவைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும் வகை. அது சூடேறவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்தால் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். கூலன்ட்டில் கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும். திண்டுக்கல் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்பு நீர் புதிய ரேடியேட்டரையும் விரைவில் அடைத்துவிடும்.

ஹெட்லைட்டுக்கு வெளிச்சந்தையே போதுமானது. ஒளி எதிரே வருபவரின் கண்ணில் படாமல் தரையில் விழுகிறதா என்று சுவரின் முன் நிறுத்திச் சரிபாருங்கள். கதவுக் கைப்பிடி, மிரர், உள் அலங்காரத் துண்டு போன்றவை பின்னால் தேவைப்பட்டால் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் கழற்றிய பாகம்கூட வாங்கலாம். அங்கே கிடைக்கும் பிரேக்கையும் பால் ஜாயின்ட்டையும் மட்டும் தொட வேண்டாம்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடைக்குப் போனால் கேட்கத் தோன்றும். நல்ல போலியின் பெட்டி நல்ல பெட்டியைப் போலவே இருக்கும். எனவே பெட்டியை மட்டும் உற்றுப் பார்த்துப் பயனில்லை. அதில் எம்.ஆர்.பி., தயாரித்தவர் அல்லது பேக் செய்தவரின் முழு முகவரி, மாதம், ஆண்டு ஆகியவை சட்டப்படி இருக்க வேண்டும். கியூ.ஆர். குறியீடு இருந்தால் கடையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பெட்டியின் மேல் உள்ள எண்ணும் பாகத்தின் மேல் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எம்.ஆர்.பி.யில் பத்து, பதினைந்து சதவீதம் குறைத்துத் தருவது வியாபாரம். பாதி விலைக்குத் தந்தால் சந்தேகப்படுங்கள். "பில் வேண்டாம் என்றால் ஜி.எஸ்.டி. மிச்சம்" என்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு அந்த வரி 18 சதவீதம், ஆகவே ஆசை வரத்தான் செய்யும். ஆனால் பாகம் கெட்டால் கடைக்காரரைத் தேடிப் போக உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அந்த பில்தான். பாக எண்ணோடு பில் தராத கடையில் பிரேக் சாமான் வாங்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் இதை எப்படிச் சொல்வது என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். சாமானை நாமே வாங்கிக் கொடுத்தால் அவருக்குக் கடையில் கிடைக்கும் கமிஷன் போய்விடும். அவர் பிழைப்பு அதில் கொஞ்சம் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நான் சொல்வது இதுதான்: அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள், பெயரையும் தேதியையும் நீங்கள் பாருங்கள், பொருத்தத்தை அவர் பார்க்கட்டும், கமிஷன் இழப்புக்கு ஈடாகக் கூலியைச் சற்றுக் கூட்டிக் கொடுங்கள். தான் பார்த்து வாங்கிய சாமான் என்றால் வேலைக்கும் அவர் பொறுப்பேற்பார். இப்படிச் செய்தால் மொத்தச் செலவு 26,000-க்கும் 54,000-க்கும் நடுவில் ஏதோ ஓர் இடத்தில் நிற்கும். அனைத்தையும் ஒரே மாதத்தில் செய்யக் கை இறுக்கமாக இருந்தால், முதலில் பெல்ட்டும் பிரேக்கும் லோயர் ஆர்மும், பிறகு ரேடியேட்டர், கடைசியில் கிளட்ச் என்று வையுங்கள். கிளட்ச் நழுவத் தொடங்கியிருந்தால் மட்டும், மலையேற்றம் இருப்பதால், அதையும் முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுத்த அன்றே தாண்டிக்குடிக்குக் கிளம்ப வேண்டாம். புதுப் பேடும் பழைய டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய நாள் ஆகும். அதுவரை பிடிப்பு முழுதாக இருக்காது. வத்தலக்குண்டிலிருந்து நிலக்கோட்டை வழியாக மதுரைச் சாலையில், வாகனம் குறைந்த காலை நேரத்தில், அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாக மிதித்து இருபதுக்குக் குறைத்து, ஆறவிட்டு, மறுபடி என்று பத்துப் பன்னிரண்டு முறை செய்யுங்கள். இருநூறு கிலோமீட்டராவது சமவெளியில் ஓடட்டும். அதன் பிறகு ஒரு முறை சக்கரங்களைக் கழற்றி, பேடு முழுப் பரப்பிலும் சமமாக உரசியிருக்கிறதா, வீல் சிலிண்டர் உலர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மலையேறுங்கள். முதல் முறை இறங்கும்போது மூட்டை இல்லாமல், இரண்டாவது கியரில் இறங்குங்கள்.